காலையில் மட்டும் நின்றுபோகும் வேன்

போன வாரம் கேம்ப் ரோடு டீக்கடையில் பாஸ்கரைப் பார்த்தேன். நானும் அவனும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அவன் இன்னும் தொழிலில் இருக்கிறான், நான் இல்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமானை வண்டியில் செருகிவிட்டால் என்ன கோளாறு என்று செல்போனிலேயே வந்துவிடுகிறது என்று பெருமையாகக் காட்டினான்.

“தோ பாரு மச்சான், நேத்து ஒரு வேன். இன்ஜின் கம்ப்யூட்டர் போச்சுன்னு இதுவே சொல்லிடுச்சு. கழட்டுனோம், புதுசு போட்டோம், அனுப்பிட்டோம். சாப்பாட்டுக்கு முன்னாடி வேலை முடிஞ்சுது.”

“அது சொல்றது சரியான்னு யார் பாத்தா?”

“அதான் சொல்லிடுச்சேடா!”

“பிளாரன்ஸ் மேடம் இருந்திருந்தா இந்நேரம் உனக்கு டீச்செலவு வெச்சிருப்பாங்க.”

பாஸ்கர் சிரித்தான். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “அந்த மீன் வேன் கதைய நம்ம மெக்கானிக் சங்க மலருக்கு எழுதேன். புதுப் பசங்க அதப்பத்திக் கேட்டுகினே இருக்கானுங்க. நான் சொன்னா நம்ப மாட்றானுங்க” என்றான். நான் சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஃபேன் சத்தத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

ரிட்டயர் ஆனவன் என்றால் மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, வேன் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டதாக நினைக்காதீர்கள். எனக்கு ஓய்வு கொடுத்தது என் இடுப்பு. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “இனிமே குனியாதீங்க” என்றார். குனியாமல் மெக்கானிக் வேலை செய்வதற்கு வண்டியைத்தான் சுவரில் மாட்ட வேண்டும். தலைமுடி பாதி கறுப்பாக இருக்கும்போதே தாத்தாக்களோடு பார்க் பெஞ்சில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

தொழில் பழகிய கதை சின்னது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கார்புரேட்டரைக் கழுவிக் கழுவிக் கை வெளுத்தது. ஒருநாள் கார்புரேட்டரே இல்லாத வண்டி வந்தது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் ஒயர். அத்தனை ஒயரும் போய்ச் சேரும் இடத்தில், டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு அலுமினியப் பெட்டி. அதுதான் வண்டியின் மூளை என்றார்கள். நான் அதைக் கும்பிட்டுவிட்டு பானெட்டை மூடிவிட்டேன். பிறகு மாலை வகுப்பு, சான்றிதழ், பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரிகல் பிரிவு. அங்கேதான் பிளாரன்ஸ் மேடம் சூப்பர்வைசர்.

என்னைவிட வயதில் சின்னவர். என்னை “மோகன்ணா” என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அந்த மரியாதையோடேயே திட்டுவார். “மோகன்ணா, நீங்க இப்ப பண்ணது முட்டாள்தனம்னு நான் சொல்லல. ஆனா அதுக்கு வேற பேரும் எனக்குத் தெரியல.” காலையில் வந்ததும் கையிலிருக்கும் வளையலைக் கழற்றி ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போடுவார். மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். வண்டிக்காரர் பேசி முடிக்கும்வரை ஒருத்தரும் பானெட்டைத் தொடக் கூடாது. அவர் கேட்டுக்கொண்டே “ம்” என்பார். அந்த “ம்”மில் பல வகை உண்டு. ‘நம்புகிறேன்’ ஒரு ம், ‘கதை விடாதே’ ஒரு ம், ‘மோகன்ணா, வாயை மூடுங்க’ ஒரு ம். கடைசி வகை எனக்கென்றே செய்தது.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, எர்த், சென்சார் எல்லாவற்றையும் பார்த்து முடிக்காமல் எவனாவது “கம்ப்யூட்டர் போச்சு” என்று சொன்னால், அவன் மொத்த ஒர்க்‌ஷாப்புக்கும் டீ வாங்கித் தர வேண்டும். “அந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது. நமக்குத் தெரியாத பழியெல்லாம் அதுமேல போட்டுடலாம்” என்பார். எனக்கு நாக்கு நீளம் என்பதால் அந்தக் காலத்தில் டீக்கடைக்காரர் குடும்பத்தை வாழவைத்தவன் நான்தான்.

ஒரு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மதியம், அந்த மீன் வேன் வந்தது. ஓட்டிவந்தவர் முருகேசன். பக்கத்து சீட்டிலிருந்து இறங்கியது அவர் மனைவி வள்ளி. கடலோரக் குப்பத்துக்காரர்கள். விடியலில் கரையில் மீன் எடுத்து, மேடவாக்கம் வழியாக வந்து, சேலையூர் பக்கம் தெருத் தெருவாக விற்பார்கள். வண்டி அவருடையது என்றாலும் வாய் அந்த அம்மாவுடையது.

“சார், இந்த வண்டி எங்கள சாவடிக்குது. காலீல ஜம்முனு கெளம்புது. மேடவாக்கம் தாண்டுனா பொட்டுனு நின்னுடுது. ஐஸு கரையுது, மீனு நாறுது. வெயில் ஏறுனா ஒண்ணுமே நடக்காத மாரி ஸ்டார்ட் ஆவுது. மெக்கானிக்காண்ட எட்டாந்தா நல்ல புள்ள!”

“வேற எங்கயாவது காட்டுனீங்களா?” என்று மேடம் கேட்டார்.

“காட்டாம? கம்பூட்டரு பூட்ச்சின்னு ஒரு எடத்துல மாத்தி வுட்டாங்க. ரெண்டு மாசம் ஓடுச்சி. மழ வந்துச்சி, மறுபடியும் அதே பேஜாரு.”

முருகேசன் தலையைச் சொறிந்துகொண்டு, “வித்துடலாம்னு கீறோம் மேடம். படப்பேலேர்ந்து ஒருத்தரு ஞாயித்துக்கெழம பாக்க வராரு” என்றார்.

“நீ கீற. நான் இல்ல,” என்றார் வள்ளி. பிறகு எங்களிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “வண்டி பூட்ச்சின்னா நான் மறுபடியும் கூடைய தூக்கிகினு பஸ்ஸுல ஏறணும் சார். மொதல்ல ஏத்தவே மாட்டான். ஏத்துனாலும் அல்லாரும் மூக்கப் பொத்திகினு என்னியப் பாப்பாங்க. கூடையப் பாக்க மாட்டாங்க, என்னியப் பாப்பாங்க. இந்த வண்டி வந்தப்புறம்தான் சார் நான் சீட்ல ஒக்காந்து போறேன்” என்றார்.

மேடம் “ம்” என்றார். அது நான் அதுவரை கேட்டிராத வகை.

வாய் சும்மா இருக்காதே எனக்கு. “மேடம், இது கண்டிப்பா கம்ப்யூ…” என்று ஆரம்பித்தேன். மேடம் திரும்பிப் பார்த்தார். பாஸ்கர் டீ கிளாஸ்களை எண்ண ஆரம்பித்தான்.

அன்று மதியம் முழுக்க வேனைப் பார்த்தோம். பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி. கம்ப்யூட்டருக்கு வரும் கரெண்டையும் எர்த்தையும் மீட்டரில் மட்டும் பார்த்து மேடம் விடமாட்டார். மயிரிழையில் தொங்கும் ஒயரில்கூட மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். அதனால் ஒரு ஹெட்லைட் பல்பை அந்த ஒயரில் மாட்டி எரியவிட்டுப் பார்க்கச் சொல்வார். சுமை தூக்கச் சொன்னால்தான் எவன் பலசாலி என்று தெரியும். பல்பு பளிச்சென்று எரிந்தது. வண்டியும் நிற்காமல் ஓடியது. வண்டலூர் வரை ஓட்டிப் போய் வந்தேன், தேர் மாதிரி வந்தது.

“கோளாறே இல்லை மேடம்” என்றேன்.

“கோளாறு இல்லாத நேரத்துல பாத்தா எப்படித் தெரியும்? வண்டி காலைல நிக்குது. நாம மதியம் பாக்கறோம். காய்ச்சல் விட்டப்புறம் தெர்மாமீட்டர் வெச்ச கதைதான்.” முருகேசனிடம் திரும்பி, “வண்டி இன்னிக்கு இங்கயே வெளியில நிக்கட்டும். கூரைக்குள்ள வேணாம். பனி, சாரல் எல்லாம் படட்டும். நாளைக்கு வெளிச்சம் வர்றதுக்குள்ள நான் வந்துடறேன்” என்றார்.

சொன்னபடி மறுநாள் விடியலில் ஸ்கூட்டரில், தலையில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் பல்கூட விளக்காமல் வந்திருந்தேன். வள்ளியும் முருகேசனும் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சாவி போட்டதும் வண்டி கிளம்பியது. சும்மா நின்ற இடத்தில் ஓடவிட்டோம். நாலு பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வண்டி நின்றுபோக வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஒரு இருமல், ஒரு உதறல். நின்றுவிட்டது.

“நின்னுடுச்சி!” என்று வள்ளி கை தட்டினார். தட்டிய கையை உடனே வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

மேடம் மீட்டரை எடுத்தார். கம்ப்யூட்டர் எல்லா சென்சாருக்கும் ஒரே ஐந்து வோல்ட்டைப் பிரித்துக் கொடுக்கும். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுக்கும் கீழே ஊசலாடியது. உடனே பெட்டியைக் குற்றம் சொல்லக் கூடாது. ஏதாவது ஒரு சென்சார் கெட்டுப்போய் எல்லாருடைய வோல்ட்டையும் கீழே இழுக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் ஒரு குடிகாரன் இருந்தால் வீடே தள்ளாடுகிற மாதிரி. அதனால் ஒவ்வொரு சென்சாராகக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றுவது, மீட்டரைப் பார்ப்பது. அடுத்ததைக் கழற்றுவது, மீட்டரைப் பார்ப்பது. நான் கழற்றினேன், அவர் பார்த்தார்.

“டீசல் பிரஷர் சென்சார்?”

“கழட்டியாச்சு மேடம்.”

“அதே வோல்ட்தான். ஆக்சிலரேட்டர்?”

“கழட்டியாச்சு.”

“அதே. அடுத்தது.”

கடைசி சென்சாரும் கழன்றது. வோல்ட் ஏறவில்லை. மேடம் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இப்ப சொல்லுங்கண்ணா.”

“எதை மேடம்?”

“நேத்துலேர்ந்து தொண்டையில வெச்சிருக்கீங்களே, அதை.”

“கம்ப்யூட்டர் மேடம்.”

“ஆமா. கம்ப்யூட்டர்தான்.” அன்று டீ அவர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்த டீயிலேயே அதுதான் ருசி. அதில் சர்க்கரை போட மறந்துவிட்டிருந்தார்கள்.

“ஆனா இது பாதிதான்” என்றார் மேடம். “ரெண்டாவது பெட்டியும் போச்சு. ஏன் போகுதுன்னு தெரியாம மூணாவது மாட்டினா, அதையும் கொல்றதுக்கு நாமளே அனுப்பின மாதிரி.”

அந்த வேனில் கம்ப்யூட்டர் பக்கத்து சீட்டின் அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கினேன். பெட்டிக்கு மேலே, ஒயர்க்கட்டின்மீது ஒரு சிவப்புத் துணி மூட்டை. மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. முந்தைய நாள் மதியமும் அதைப் பார்த்திருந்தேன், அப்போது காய்ந்திருந்தது. சாமி சமாச்சாரமாயிற்றே என்று கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்து, வேலை முடிந்ததும் பயபக்தியோடு இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன். எனக்கு முன்னால் அந்த சீட்டைத் தூக்கிய எல்லா மெக்கானிக்கும் அதையேதான் செய்திருப்பார்கள். அன்று காலையில் அதை எடுத்தபோது கை நனைந்தது. துணி சொதசொதவென்று இருந்தது. நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

மேடம் அந்தச் சொட்டை விரலில் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு.”

கல்லுப்பு. திருஷ்டிக்காக வைத்தது. மழைக்காலக் காற்றில் கல்லுப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரவெல்லாம் தண்ணீராகக் கசிந்து ஒயர் வழியே இறங்கி, பெட்டியின் கனெக்டருக்குள்ளும், அது வழியாகப் பெட்டிக்குள்ளும் போயிருக்கிறது. கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பின்கள் எல்லாம் பச்சைப் பொடி. விடியலில் ஈரம், அதனால் ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்குக் கரெண்ட் கசிந்து வண்டி நிற்கும். இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து உலர்த்தியதும் மதியம் நல்ல பிள்ளை. வண்டி நின்றால் கண்ணு பட்டுவிட்டது என்று இன்னும் பெரிய மூட்டை. பெரிய மூட்டை வைத்தால் இன்னும் அதிகத் தண்ணீர்.

இதை வள்ளியிடம் யார் சொல்வது? மேடம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்ணா. கழுத்துல சிலுவை போட்டுகிட்டு நம்ம நம்பிக்கையை எடுத்தெறிய சொல்றாளேன்னு தோணும். நீங்கதான் பேசிப் பேசியே ஊரை விப்பீங்களே. போய்ச் சொல்லுங்க.”

சொன்னேன். வள்ளி கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிறுத்துப்போனது.

“அப்ப நாந்தான் வண்டிய கெடுத்தேன்ற.”

“ஐயோ, இல்லம்மா. உப்பு அது வேலைய செஞ்சுது. பொட்டிதான் தாங்கல.”

முருகேசன் சிரிக்க வாயெடுத்தார். வள்ளி ஒரு பார்வை பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

“உப்பு வெக்காங்காட்டி கண்ணு பட்டு நிக்கும். உப்பு வெச்சா பொட்டி பூட்ச்சின்னு நிக்கும். நான் இன்னாதாம்பா பண்றது?”

“ஒரு டப்பால போட்டு மூடி வெச்சுட்டா?”

“மூடி வெச்சா எப்பிடி திருஷ்டிய இழுக்கும்? நீ படிச்சவன்தான?”

இந்தக் கேள்விக்கு என் சான்றிதழில் பதில் இல்லை. “அம்மா, நீங்க போறப்ப உங்கள யாரு கண்ணு வெக்கறாங்க?” என்றேன்.

“எங்க குப்பத்துலயே நெறயப் பேரு.”

“வண்டி அவங்களத் தாண்டிப் போனப்புறம்தான பாத்துகினு நிப்பாங்க? மூஞ்சிக்கு நேரா யாராவது பெருமூச்சு வுடுவாங்களா?”

வள்ளி யோசித்தார். “அது இன்னாவோ வாஸ்தவம். எதுத்தாப்புல வந்தா பல்லக் காட்டுவாளுங்க.”

“அப்ப கண்ணு எங்க படுது? வண்டி முதுகுலதான? மூட்டைய பின் பம்பர்ல கட்டுங்க. தண்ணி சொட்டுனாலும் ரோட்டுலதான் சொட்டும்.”

அவர் வேனின் பின்பக்கம் போய் பம்பரைத் தட்டிப் பார்த்தார். பிறகு மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். தூரத்தில் நின்றிருந்த மேடம் “ம்” என்றார். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே மெடல் அதுதான்.

புதுப் பெட்டி வருவதற்குள் பச்சை பிடித்த பின்களை எல்லாம் வெட்டிப் புதிதாகப் போட்டோம். ஒயர்க்கட்டைக் கனெக்டருக்குக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டச் சொன்னார் மேடம். எங்கிருந்து தண்ணீர் வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

புதுப் பெட்டி என்பது பிறந்த குழந்தை. எந்த வண்டியில் இருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. லேப்டாப்பை மாட்டி வண்டியின் நம்பரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படித்து ஏற்ற வேண்டும். சாவியை அறிமுகப்படுத்த வேண்டும். ஏற்றும்போது வோல்ட் இறங்கினால் பெட்டி செத்துவிடும் என்பதால் பேட்டரியில் சார்ஜரை மாட்டிவிட்டு, கதவைத் திறக்கக் கூடாது, லைட்டைத் தொடக் கூடாது, ஃபேன் சுவிட்ச்மேல் கைபடக் கூடாது. திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நிரம்பும்.

அந்த நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் யாரும் பேச மாட்டார்கள். நான்கூட. வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஹாரன், உள்ளே அந்தப் பச்சைக் கோடு. அன்று மேடம் டிரைவர் சீட்டில் லேப்டாப்போடு, நான் தரையில் முட்டிபோட்டு சார்ஜர் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு. கிளிப்பைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அது தானாகவே பிடித்துக்கொள்ளும். எனக்கு அங்கே இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கோடு நிரம்பியது. மேடம் சாவியைத் திருப்பினார். இன்ஜின் விளக்கு எரிந்து அணைந்தது. வண்டி கிளம்பியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வள்ளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். முருகேசன் அவரைப் பார்க்காமல் டயரை உதைத்து உதைத்துக் காற்று பார்த்தார்.

சனிக்கிழமை இரவு சாரல் அடித்தது. ஞாயிறு விடியலில் மீனை ஏற்றிக்கொண்டு நேராக சேலையூருக்குப் போயிருக்கிறார்கள். எங்கேயும் நிற்கவில்லை. அன்று மதியம் படப்பைக்காரர் குப்பத்துக்குப் போனபோது வள்ளி வாசலிலேயே நின்று, “வண்டி விக்கறதுக்கு இல்ல. மீனு வேணும்னா சொல்லு, சுத்தம் பண்ணித் தரேன்” என்று சொல்லிவிட்டாராம். படப்பைக்காரர் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு முருகேசன் சொன்னார்.

அந்த ஒர்க்‌ஷாப் இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. நாங்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்த இடத்துக்கு நேர் மேலே யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். மேடம் மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வேன். “இடுப்பு எப்படி இருக்குண்ணா?” என்று கேட்பார். நான் ஏதாவது ஜோக் சொல்வேன். அந்தப் பக்கத்திலிருந்து “ம்” என்று வரும். என்ன வகை என்று போனில் சரியாகப் பிடிபடுவதில்லை. வைத்த பிறகு கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

வள்ளியின் வேன் இன்றும் கேம்ப் ரோட்டுக்கு வருகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கடை இருந்தும் பையை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து போகிறேன். மீன் வாங்கப் போவதாக என் மனைவி நம்புகிறாள். போனதும் கேட்பேன்.

“வண்டி எப்படிம்மா ஓடுது?”

“சோக்கா ஓடுதுண்ணா.”

“மழையில?”

“அப்பவும் சோக்கா ஓடுது.”

“ஸ்டார்ட்டிங்ல ஒரு உதறல் மாதிரி எதுவும்…?”

“ஒண்ணும் இல்லண்ணா!”

நல்லது என்பேன். தொழில் தெரிந்தவன் சந்தோஷப்பட வேண்டிய பதில் அது. வண்டி திரும்பி வரவில்லை என்றால் வேலை சுத்தம் என்று அர்த்தம். ஆனால் ஒரே ஒரு விடியலில் மேடவாக்கம் தாண்டி அது ஒரு தடவை இருமினால் என்ன என்று எனக்குத் தோன்றும். யாராவது எனக்கு போன் செய்வார்கள். நான் கோயம்புத்தூருக்கு போன் செய்வேன். ‘மேடம், அந்த மீன் வேன்…’ என்பேன். நினைக்கக் கூடாது என்று தெரியும். இருந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது தராசைப் பார்க்காமல், மீனைப் பார்க்காமல், அந்தப் பக்கத்து சீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன ஞாயிறும் அப்படித்தான் நின்றிருந்தேன். செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த வள்ளி கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காத. வண்டிய அப்பிடிப் பாக்காத. கண்ணு பட்டுடும்.”

பையைக் கையில் பிடித்துக்கொண்டு, வேனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிசிறு இல்லை.